வில்லை வந்தால் வழி

ஐம்பத்தொன்பதாம் வருஷம் நான் மறுபடி மலை ஏறினபோது, அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். நான் ஊரைவிட்டு ஓடினபோது அங்கே திருவிதாங்கூர்-கொச்சி என்று போர்டு இருந்தது. இப்போது கேரளா. போர்டு மாறினாலும் சோதனை மாறவில்லை. தங்கச்சி மகனுக்கு வாங்கின சரிகைத் தொப்பி, ஒரு டின் பிஸ்கட், இரண்டு கைலி. அதற்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்ததைக் காக்கிக்காரன் சரியாக எடுத்துவிட்டான்.

"இதெந்தா?"

"பழைய பித்தளை சார்."

பிரித்துப் பார்த்தான். உள்ளங்கை அளவு வட்டம், கயிறு கோக்க ஒரு ஓட்டை, கம்பெனி முத்திரை. பின்னால் நிற்கிற யாராவது "அட, இது நம்ம ரோட்டு வில்லையாச்சே" என்று சொல்லிவிடுவார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. அவன் அதைத் தூக்கிப் பைக்குள் போட்டான். அந்தத் தகட்டால் ஒரு மனுஷன் ஒன்பது வருஷமாக ஊர் வாயில் விழுந்து கிடக்கிறான் என்று அவனுக்கு என்ன தெரியும்.

அந்த மனுஷனுக்கு ஒரு பேர் இருந்திருக்கும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வில்லைக்காரர், அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒல்லியான ஆள், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மலை உச்சியில் சங்கிலிக் கல் பக்கத்தில் நிற்பார்.

எங்கள் ரோடு ஏலக்காய்க் கம்பெனி போட்ட ரோடு. ஏழு மைல், பதினெட்டு வளைவு, ஒரு வண்டி போக மட்டும் அகலம். எதிரே இன்னொன்று வந்தால் இரண்டில் ஒன்று பள்ளத்தில். அதனால் அடிவாரத்தில் ஒரு சங்கிலி, உச்சியில் ஒரு சங்கிலி. காலையில் ஏறுகிற வண்டிகளில் கடைசி வண்டிக்காரன் கையில் அடிவாரத்து ஆள் அந்தப் பித்தளை வில்லையைக் கொடுப்பான். அது உச்சிக்கு வந்தால், ரோட்டில் இனி வண்டி இல்லை என்று அர்த்தம். பிறகுதான் மேலே இருக்கிற வண்டிகள் இறங்கலாம். போன் கிடையாது, மணி கிடையாது. ரோடு முழுக்க ஒரே ஒரு வில்லை.

"வில்லை வந்தா வழி. வாய்க்கு வழி கெடையாது" என்பார் வில்லைக்காரர்.

அந்த ஆளுக்குக் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு. ஒருநாள் வெள்ளைக்கார மானேஜர் துரையின் கார் இறங்க வந்து நின்றது. வில்லை வரவில்லை. துரை, பங்களாவிலிருந்து தூரக்கண்ணாடி வைத்து நானே பார்த்துவிட்டேன், ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை, எடு சங்கிலியை என்று கத்தினார். இவர் சலாம் வைத்தார். சங்கிலியை எடுக்கவில்லை.

"தொரை பாத்தது தொரைக்கு. நான் பாக்கணும்லா."

துரைக்கு அது எந்த அளவு புரிந்ததோ. அரைமணி நேரம் முகம் தக்காளிப் பழமாகச் சிவந்து காருக்குள் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மூங்கில் ஏற்றின ஒரு லாரி வில்லையோடு வந்தது. லாரிக்காரன் நான்தான். துரை என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கல்யாணக் கூத்து அதைவிடப் பெரிது. பெண்ணை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே மேலே வந்திருந்தார்கள். மறுநாள் கீழே கம்பம் ஊரில் முகூர்த்தம். விடியக்காலை இரண்டு வண்டி ஜனம் சங்கிலிக்கு வந்து சேர்ந்தால், வில்லை கொண்டுவருகிற வண்டி எங்கேயோ அச்சு முறிந்து கிடக்கிறது. பெண்ணின் அப்பா கெஞ்சினார், மாப்பிள்ளையின் தாய்மாமன் அடிக்க வந்தார். சங்கிலி அசையவில்லை. நல்ல நேரம் போகிறதே என்று கடைசியில் சங்கிலிக் கல் பக்கத்திலேயே தாலி கட்டினார்கள். குத்துவிளக்கு கீழே மண்டபத்தில் இருந்தது. பனிமூட்டத்துக்கு வைத்திருந்த அரிக்கேன் லைட்டைத் துடைத்து ஏற்றிக் கொண்டுவந்து வைத்தவர் இவர்தான். அட்சதை போட்டார். கண்கூடக் கலங்கினார். பெண்ணின் அப்பா, சரி, இப்பவாவது அவிழ்த்து விடும் என்றார்.

"தாலி ஏறுனதப் பாத்துட்டேன். வில்லைய இன்னும் பாக்கலியே."

ஜனம் சிரித்துச் சிரித்து, கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அவர் சம்சாரம் எங்களிடம் சொல்லும்: "சோறு வெந்துட்டுன்னு நான் சொன்னா நம்பமாட்டாவ. மூடியத் தொறந்து பாத்துட்டுத்தான் கையக் கழுவுவாவ." டீக்கடையில் யாரைப் பற்றியாவது ஊர்வம்பு பேசினால் போதும், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நீரு பாத்தீராவே?" என்பார். பேசினவன் வாய் அடைத்துப்போகும். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும். சில நாள் எரிச்சலாகவும் வரும். ஆனால் பொய் என்று ஒன்று அந்த வாயில் வந்து நான் கேட்டதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அது எனக்காகச் சொன்ன பொய்.

ஐம்பதாம் வருஷம், ஆடி மாசம். ஒன்பது நாளாக விடாத சாரல். நான் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அடிவாரத்தில் நின்றேன். மலைக்குப் பஸ் விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. தினமும் எனக்குப் பின்னால் பஸ் வரும், பஸ்தான் கடைசி, வில்லை பஸ்ஸில்தான் வரும். அன்றைக்குப் பஸ் கிளம்பவில்லை. அடிவாரத்து ஆள் மழையில் ஓடிவந்து, "பஸ் இன்னைக்கு ஏறாது காசிம். நீதான் கடைசி" என்று வில்லையை என் கையில் கொடுத்தான். சட்டைப் பையில் போட்டுக் குளிருக்குக் கோட்டை மேலே மாட்டிப் பொத்தானைப் போட்டேன்.

மேலே போய்ச் சேரும்போது பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. வில்லைக்காரர் ஜன்னலுக்கு வந்தார்.

"வில்லை எங்க வே?"

"பின்னால பஸ்ல வருது."

மூன்று வருஷமாகத் தினமும் சொன்ன சொல். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. என் மனசு அப்போது சூடான டீயில் இருந்தது. அவர் சங்கிலியைத் தாழ்த்தி என்னை விட்டுவிட்டு மறுபடி மாட்டினார். நான் கடைத்தெருவுக்குப் போய் மூட்டை இறக்க ஆரம்பித்தேன்.

கால்மணி நேரத்தில் அந்தச் சங்கிலிக்கு ஒரு ஜீப் வந்து நின்றிருக்கிறது. உள்ளே என் தங்கச்சி ஜைனம்பு. தலைப்பிள்ளை. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மேலே இருந்த மருத்துவச்சி சொல்லிவிட்டாள். என் மச்சான், ஜைனம்பு புருஷன், வில்லைக்காரர் காலில் விழுந்தாராம்.

"பஸ்ஸு ஏறிக்கிட்டிருக்குவே. நாப்பது பேரு இருப்பாவ. இந்தப் பனியில வளைவுல முட்டுனா, புள்ளத்தாச்சியும் போவும் அவுகளும் போவும். வில்லை இப்ப வந்துரும்."

வரவில்லை. எங்கிருந்து வரும், அது என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு மணி நேரம் பார்த்தார். அப்புறம் சிவப்புக் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் ஓடி, கொடியை ஆட்டி, எதிரே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு ஜீப்பைக் கூப்பிடுவார். ஜீப் ஊர்ந்து ஊர்ந்து அவர் பின்னால். பதிமூன்றாவது வளைவில் குழந்தை பிறந்தது. உயிர் இல்லை. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று கீழே டாக்டர் சொன்னாராம். ஜைனம்பு பிழைத்தது அல்லாவின் கருணை.

எனக்குச் சேதி தெரிந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வெறி பிடித்தவன் மாதிரி சங்கிலிக்கு ஓடினேன். அவர் அப்போதுதான் ஏழு மைலும் நடந்தே ஏறி வந்து உட்கார்ந்திருந்தார். கால் விரலெல்லாம் ரத்தம். நான் அதையெல்லாம் பார்க்கிற நிலையிலா இருந்தேன். சட்டையைப் பிடித்துத் தூக்கி அறைந்தேன். ஊரே கூடி நின்றது, யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது அறைக்குக் கை ஓங்கினபோது என் கோட்டுப் பொத்தான் தெறித்துத் திறந்தது.

அவர் கண் என் சட்டைப் பையில் போய் நின்றது. என்ன பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ரத்தம் வழிகிற உதட்டோடு, என் கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்து, மிச்சம் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார்.

"குளுருதுவே. பொத்தானப் போட்டுக்கும்."

பைத்தியக்காரன் என்று நினைத்தேன். சாயங்காலம் அறைக்கு வந்து துணி மாற்றும்போது, ணங்கென்று வில்லை தரையில் விழுந்து உருண்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆண்பிள்ளை என்றால் அதைச் செய்திருப்பான். ஆனால் மச்சான் காடு வெட்டுகிற வாக்கத்தியைத் தீட்டிக்கொண்டு, இதுக்குக் காரணமானவன் எவனோ அவனைக் கண்டதுண்டமாக வெட்டாமல் விடமாட்டேன் என்று சபதம் போட்டுக்கொண்டிருந்தார். நான் பயந்தேன். வெட்டுக்கு மட்டும் இல்லை. ஜைனம்பு முகத்துக்குப் பயந்தேன். அத்தாவும் அம்மாவும் போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன் நான்.

மூன்றாம் நாள் கம்பெனி ஆபீசில் விசாரணை. அடிவாரத்து ஆள் உள்ளதைச் சொன்னான், வில்லையைக் காசிமிடம் கொடுத்தேன் என்று. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வெளியே படியில் மச்சான், மடியில் வாக்கத்தி.

"உச்சியில குடுத்துட்டேங்க" என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் வில்லைக்காரரைப் பார்த்தேன். இனி இவர் வாயைத் திறந்தால் நான் தொலைந்தேன். அந்த ஆளுக்குத்தான் பார்த்ததைத் தவிர வேறு பேசத் தெரியாதே. ஆபீசர் இரண்டு தடவை கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"குடுத்தாரு. நாந்தான் எங்கயோ வச்சு மறந்துட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில் அவர் வேலை போனது. வேலை போனால்கூடப் பரவாயில்லை. வில்லை கையில் இருக்கும்போதே ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நிறுத்தி வைத்தவன் என்று ஊர் பேசியது. மச்சான் வாக்கத்தியோடு பாய்ந்தார், பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனி எல்லைக்குள் வெட்டு விழுந்தால் ஜெயில் என்று துரை மிரட்டினதால் அது அடி உதையோடு முடிந்தது. நான் அதே வாரம் கோயமுத்தூருக்கு லாரி ஓட்டப் போனேன். தங்கச்சி பிள்ளை போன துக்கத்தில் போனதாக எல்லாரும் நினைத்தார்கள்.

ஜைனம்பு வருஷத்துக்கு ரெண்டு கடுதாசி போடுவாள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி இருக்கும்: "அந்தப் பாவி இன்னும் இங்கதான் கெடக்கான் அண்ணே. அவன் வீட்டு வாசல்ல மண்ணள்ளித் தூத்திட்டு வந்தேன்." எந்தக் கடுதாசியையும் நான் முழுக்கப் படித்ததில்லை. நாலு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். இப்போது அவனுக்கு மார்க்கக் கல்யாணம், சுன்னத்து விருந்து. நீ வராவிட்டால் உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாள். நான் வந்தாலும் அதுதான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பஸ் ஏறியது. ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கிப் போகிறது. பதிமூன்றாவது வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். உச்சியில் சங்கிலி இல்லை, கல் மட்டும் நின்றது. அங்கேயே இறங்கினேன்.

கல்லுக்குப் பின்னால் அதே தகரக் குடிசை. அவர் சம்சாரம் மவுத்தாகி மண்ணுக்குப் போய்விட்டதாக முன்னமே கேள்விப்பட்டிருந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து ஏலக்காய்ச் சாக்குக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"காசிமாவே? நரைச்சுப் போச்சே."

நான் எத்தனையோ பேச்சு யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுத் துணியைப் பிரித்து வில்லையை அவர் முன்னால் நீட்டினேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கையை நீட்டவில்லை. ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கிட்டக் காட்டி என்னவே பிரயோசனம்? நான் அன்னைக்கே பாத்துட்டேன். சங்கிலிக்கு முன்னால யாரு நின்னாவளோ, அவுககிட்டக் காட்டும்."

"மச்சான் வெட்டிருவாரு."

"வெட்டுவாரோ என்னவோ. அத நான் பாக்கல."

ஜைனம்பு வீட்டில் கொல்லைப்புறத்தில் சோற்றுத் தேக்சா அடுப்பில் ஏற்றியிருந்தது. மச்சான் அந்த வாக்கத்தியாலேயே விறகு பிளந்துகொண்டிருந்தார், பிடி மட்டும் புதுசு. என்னைக் கண்டதும் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார். அந்தக் கட்டிப்பிடிப்பில் நான் செத்துப் பிழைத்தேன். ஜைனம்புவை அடுப்படிக்குக் கூட்டிப் போய் வில்லையைக் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டுப் பொத்தானை அவர் மாட்டினது வரைக்கும்.

அவள் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நாங்க சங்கிலியில நின்னப்ப நீ எங்க இருந்த?"

"கடைத்தெருவுல. அரிசி எறக்கிட்டு டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்."

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பின்வாசல் வழியாக நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அந்தக் குடிசை வாசலில் போய் நின்றதும் அவர் எழுந்துவிட்டார். மண் அள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஒதுங்கி நின்றார்.

"எங்கண்ணன் பையில இது இருந்ததப் பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பாத்தேன் தாயி."

"ஏன் சொல்லல?"

"ஒரு உசுரு போயிட்டு. சொன்னா அண்ணனும் போவும், வெட்டுன ஒன் மாப்ளயும் செயிலுக்குப் போவும். நீ தனியா நிப்ப. எம்மேலன்னா ரெண்டு அடியோட போயிரும்னு பாத்தேன்."

ஜைனம்பு அந்த வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதே வாசல்ல எத்தன தடவ மண்ணள்ளித் தூத்துனேன் நான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"தூத்துன மண்ண அப்பப்ப பெருக்கிட்டேன் தாயி. எந்திரி."

அவள் எழுந்திருக்க நேரமாயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு மகனுக்கு விசேஷம், நீங்கள் வந்து முதல் பந்தியில் உட்கார வேண்டும், நீங்கள் கைவைக்காமல் நான் யாருக்கும் போடமாட்டேன் என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சோறு வெந்துட்டா?"

"வெந்துருச்சுங்க."

"நீ பாத்தியா?"

அழுகையோடு அழுகையாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்து மூடியைத் திறந்து நீங்களே பாருங்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஊரே வாயைப் பிளந்து பார்க்க, ஒன்பது வருஷம் கழித்து அந்தத் தெருவில் அந்த மனுஷன் நடந்து போனார். சீறி எழுந்த மச்சானை, எல்லாம் அப்புறம் சொல்கிறேன் என்று அவள் கையமர்த்தினாள். அன்றைக்கு எனக்கும் இலை போட்டாள். பரிமாறினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவள் மட்டும் வந்தாள். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லையாம். "நீ மலை எறங்குன பெறகு நான் சொல்லிக்கிறேன். அவரு என்ன செய்யணும்ங்கறத நான் பாத்துக்கிறேன்" என்றாள். அடுத்த தடவை எப்போது வருவாய் என்று கேட்பாளா என்று நின்றேன். கேட்கவில்லை. பஸ் உறுமினதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வில்லையை என் மடியில் போட்டாள்.

"இத நீயே வச்சுக்க. யாராச்சும் கேட்டா, பின்னால வருதுன்னு மட்டும் சொல்லாதண்ணே."